உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக

திருப்பூரின் பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவில் இறங்கி உள்ளே நடந்தால் பனியன் கம்பெனிகளுக்கு இடையிடையே லைன் வீடுகள். ஒரு காம்பவுண்டுக்கு எட்டு வீடு, பத்து வீடு, பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்த வீடுகளின் சுவரில் என்னென்ன படங்கள் தொங்குகின்றன என்று பார்த்தாலே குடும்பக் கதை பாதி தெரிந்துவிடும். முதலில் குலதெய்வம். அடுத்தது கல்யாணப் படம். பிளாஸ்டிக் மாலையும் சின்ன மின்விளக்குமாகக் காலமான மாமனார். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு யு.கே.ஜி. 'பட்டம்' வாங்கிய பிள்ளை.

சுவருக்கு வராத படம் ஒன்றும் உண்டு. பீரோவுக்குள், ரேஷன் கார்டும் ஆதார் நகலும் இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் அது இருக்கும். பதினைந்து, பதினாறு பெண்கள். பின்னால் ஒரு பேனர், முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முடிந்தவரை எல்லோரும் ஒரே நிறச் சேலை. மகளிர் சுய உதவிக் குழுவின் குரூப் போட்டோ.

கல்யாணப் படத்தை வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காட்டுவார்கள். இதைக் காட்டுவது பெரும்பாலும் வங்கி மேலாளருக்கு. அதனாலேயோ என்னவோ இந்தப் படங்களை யாரும் படங்களாகப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தோடு நூல் கட்டிக் கோப்பில் போட்டால் முடிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ரத்த உறவில்லாத பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே சட்டகத்துக்குள் வந்து நின்றது அவ்வளவு சுலபமாக நடந்த காரியமல்ல. அதற்கு நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

படம் எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கவனித்தால் கதையின் சுருக்கம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் தோது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியாயிற்று, ஒன்றரை ஷிப்ட் கிடையாது, துணி துவைத்துக் கறிக்குழம்பு வைத்த பிறகு ஒரு மணி நேரம் மிச்சம். ஸ்டூடியோக்காரர் வந்து நிற்பார், அல்லது யாருடைய மகனாவது செல்போனோடு.

"ஏனுங்க்கா, பின்னாடி நிக்கறவங்க கொஞ்சம் நெருங்குங்க. உயரமானவங்க ரெண்டாவது வரிசை. லீடர் அக்கா நடுவுல உக்காருங்க."

"பெரியம்மா, நீங்க சேர்ல உக்காருங்க."

"எனக்கெதுக்கு சாமி சேரு? நா ஓரமாவே நின்னுக்கறேன்."

யார் உட்காருவது, யார் நிற்பது, யார் தரையில் சப்பணமிடுவது என்ற பேச்சுவார்த்தை படம் எடுப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். வயதா, பதவியா, படிப்பா, சொந்த வீடா வாடகை வீடா, எல்லாமே அதில் கலந்திருக்கும். யாரும் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாற்காலியே சொல்லிவிடும்.

இந்த வரிசை ஒழுங்கைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுத் தந்தவர்கள் ராணுவத்தாரும் பாதிரிமார்களும் கல்லூரிகளும். சென்னைக்குப் புகைப்படக் கலை வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1858ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். ஆனால் கோயில் ஆடாது. மனிதர் கூட்டம் ஆடும். ஈரக் கண்ணாடித் தகட்டுக் காலத்தில் பல நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால், இருபது பேரைச் சேர்த்து எடுத்தால் அதில் யாராவது ஒருவர் புகையாகிப் போவார். 1870களின் கடைசியில் உலர்தகடுகள் கடையில் விற்பனைக்கு வந்தபின் ஒரு நொடிக்குள் படம் பிடிக்க முடிந்தது. அதோடுதான் குழுப் படம் பெருகியது. ரெஜிமெண்ட், கிரிக்கெட் குழு, மிஷன் பள்ளி, வக்கீல் சங்கம் என்று எல்லோரும் மூன்று வரிசையில் நின்றார்கள். நடுவில் துரை. கீழே அட்டையில் அழகான எழுத்தில் பெயர்கள்: உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக. நிற்பவர்கள், இடமிருந்து வலமாக.

அந்த அட்டையில் பெண்களின் பெயர் ஏற நாளானது. உயர்குடிப் பெண்கள் அந்நிய ஆணின் கேமரா முன்னால் உட்காருவதே பல இடங்களில் நடக்காத காரியம். லாலா தீன்தயாள் 1892இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோ திறந்து, அதை நடத்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணை அமர்த்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குத் திரைப் பழக்கம் இல்லைதான். ஆனாலும் ஒரு பெண் படத்தில் இருக்கிறாள் என்றால் அவள் யாருக்காவது மனைவியாக, மகளாக, தாயாகத்தான் இருந்தாள். கணவர் உட்கார்ந்திருக்க, நாற்காலியின் முதுகில் கை வைத்து அவள் நிற்பாள்.

அந்த நாற்காலியில் பெண் தானே உட்கார்ந்தது மாதர் சங்கங்கள் வந்த பிறகு. 1917 மே மாதம் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசண்ட் தலைவர். டோரதி ஜினராஜதாசா, அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ் ஆகியோரோடு அம்மு சுவாமிநாதன் போன்ற சென்னைப் பெண்களும் முன்னணியில் இருந்தார்கள். சங்கம் தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் அந்தத் தடையை நீக்கியது. சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் வாக்கு கிடைத்தது கொஞ்சப் பேருக்குத்தான்.

அந்தக் காலத்து மாதர் சங்கப் படங்கள் வரலாற்று நூல்களில் காணக் கிடைக்கின்றன. புல்வெளி, பிரம்பு நாற்காலி, காலணி தெரியும்படி அமர்ந்த பெண்கள், இரண்டு மூன்று வெள்ளைக்காரத் தொப்பிகள், மற்றபடி பட்டுச் சேலைகள். பார்த்ததும் மேட்டுக்குடிக் கூட்டம் என்று தெரிந்துவிடும். அந்த விமர்சனம் நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டகத்தில் கணவன்மார் இல்லை. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தவர் கண்ணில் முதலில் பட்டிருக்கக் கூடியது அதுதான்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இன்னும் துணிச்சலான ஒரு கூட்டம் சென்னையில் கூடியிருந்தது. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்களில் ஒருவர். அவர் 1912இல் தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் அது நடந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய இடம், சமூகம் ஒதுக்கி வைத்த சிறுமிகள் எழுத்துக் கற்கும் இடமானது. சகோதரி சுப்புலட்சுமி என்று ஊர் அவரை அழைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களின் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒருத்தி இருக்கவே மாட்டாள். வீட்டில் இருப்பாள், விடிவதற்கு முன்பே எழுந்து அத்தனை வேலையும் செய்திருப்பாள். "வாங்கத்தை, ஒரு போட்டோ" என்று கூப்பிட்டாலும், "நீங்க நில்லுங்க, நான் அப்புறம்" என்று சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவாள். கணவனை இழந்தவள். மங்கலப் படத்தில் தான் விழக் கூடாது என்று அவளுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைம்பெண்கள் மட்டும் சேர்ந்து நிற்கும் ஒரு பள்ளிப் படத்தின் கனம் இதைத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

வீரபாண்டிப் பக்கத்துக் குழுப் படங்களின் மறைவான சிறப்பும் இதுவே. கணவனை இழந்தவர், கணவன் விட்டுப் போனவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், நடு நாற்காலியிலும்கூட. வரவு செலவு எழுதத் தெரியும், வங்கிக்குப் போய்வர நேரம் இருக்கிறது, வீட்டில் 'எங்கே போனாய்' என்று கேட்க ஆளில்லை என்பதாலேயே அவர்களில் பலர் தலைவியாகவும் ஊக்குநராகவும் ஆனார்கள். கல்யாணப் படம் ஒதுக்கியவரைக் கடன் விண்ணப்பப் படம் நடுவில் உட்கார வைத்தது.

இனி மேட்டுக்குடிப் புல்வெளியை விட்டு வெளியே வரலாம். 1938 நவம்பர் 13ஆம் தேதி சென்னை ஒற்றைவாடை நாடக அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது இந்த மாநாடுதான். மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மீனாம்பாள் சிவராஜ் என்று வெவ்வேறு சாதியில், வெவ்வேறு வாழ்க்கையில் பிறந்தவர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். மறுநாளே இந்தி எதிர்ப்பு மறியலில் பெண்கள் கைதானார்கள், அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு. சிறை சென்ற பெண்களின் குழுப் படங்கள் இன்றும் திராவிட இயக்க மலர்களில் அச்சாகின்றன. அவற்றில் பட்டுச் சேலை இல்லை, பிரம்பு நாற்காலியும் இல்லை. ஆனால் பெயர்கள் இருக்கின்றன.

கடல் தாண்டியும் ஒரு கிளை போகிறது. மாதர் சங்கத்து அம்மு சுவாமிநாதன் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானவர். அவர் மகள் லட்சுமி மருத்துவம் படித்துவிட்டுச் சிங்கப்பூர் போனார். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைவியானார். படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள். தோட்டத்தில் அவர்கள் துரையின் கூலிக் கணக்கில் ஒரு பெயர், அவ்வளவுதான். படைப்பிரிவின் படங்களில் தொப்பியும் காற்சட்டையும் துப்பாக்கியுமாக வரிசையில் நிற்கிறார்கள். சீருடை முதல் பார்வைக்கு ஆளை மறைக்கும். ஆனால் ஆயாவென்றும் கூலியென்றும் தெரிந்த முகங்களைப் படைவீரர் என்று பார்க்க வைத்ததும் அதே சீருடைதான். இன்றைக்குத் திருப்பூர் மாவட்டத்தில் எத்தனை மகளிர் குழுக்கள் 'ஜான்சி ராணி' என்ற பெயரை வைத்திருக்கின்றன! ரோஜா, மல்லிகை, அன்னை தெரசா, ஜான்சி ராணி என்பவை குழுப் பெயர்களில் எப்போதும் முன்னணி. ஜான்சி ராணி மலாயாவில் தமிழ் பேசியது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒரே சேலை, கையில் பேனர் என்ற இந்த முறை நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு படம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தது. ஒன்பது கறுப்பினப் பெண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஓரத்தில் கல்வியாளர் நானி ஹெலன் பரோஸ். கையில் பாப்டிஸ்ட் பெண்கள் மாநாட்டின் பெரிய பேனர். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் கறுப்பினப் பெண் என்றால் கேலிச் சித்திரம்தான். அதற்குப் பதிலாகத் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொள்வது என்று கறுப்பினத்தவர் முடிவுசெய்தார்கள். 1896இல் அவர்களுடைய பெண்கள் கழகங்கள் சேர்ந்து ஒரு தேசிய அமைப்பாயின. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு டு பாய்ஸ் என்ற அறிஞர் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை ஆல்பங்களாகக் கொண்டுபோனார். பலவற்றில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த உடை, நேரான பார்வை. கௌரவமாகத் தெரிய வேண்டும் என்ற பதைப்பும் அவற்றில் தெரிகிறது. படத்துக்கென்று இரவல் நகை வாங்கிப் போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பதைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களின் அலை 1980களின் கடைசியில் எழுந்தது. 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியிருந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் அமைந்தன. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கிக் கடன் இணைப்பைச் சோதித்துப் பார்த்தது. 1997க்குப் பிறகு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. இவற்றோடு ஒரு குரூப் போட்டோ.

நிலப் பத்திரமில்லை, நகையில்லை, ஜாமீன் போட ஆளில்லை. பதினைந்து பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதே ஈடு. அந்த ஈட்டைக் கண்ணால் காட்டச் சொன்னால் என்ன செய்வது? சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தபோது இதையே இன்னும் இறுக்கிப் பிடித்தன. அங்கே குரூப் போட்டோவில் இருப்பது பெருமைக்குரிய விஷயமாக இருப்பதில்லை. தவணை தவறினால் 'இவளும் நீங்களும் சேர்ந்துதானே நின்னீங்க' என்று படத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். ஒரே மாதிரிப் படம். ஒன்றில் தோழமை, இன்னொன்றில் கழுத்துக் கயிறு. வித்தியாசம் படத்தில் தெரியாது.

வீரபாண்டிக்கு இந்தக் குழுக்கள் வேறொரு வேலையும் செய்தன. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை வீரபாண்டி தனி ஊராட்சி. தோட்டமும் காடுமாக இருந்த நிலத்தில் கம்பெனிகளும் சாயப் பட்டறைகளும் வந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருவாரூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி இப்போது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். கம்பெனிகளில் பாதிக்கும் அதிகமானோர் பெண்கள். செக்கிங், பிசிறு வெட்டுதல், கைமடி, பேக்கிங், ஓவர்லாக் என்று ஆளுக்கொரு மூலையில் வேலை. ஊரில் இருந்தபோது ஒரு பெண்ணுக்கு அடையாளம் இன்னார் மகள், இன்ன தெரு. இங்கே வந்தபின் 'செக்கிங் அக்கா', 'மூணாவது வீட்டுக்காரி'. பக்கத்து வீட்டுக்காரி எந்த மாவட்டம் என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு பெயர் வைத்து, ஒரே சேலை எடுத்து, ஒரு பேனருக்கு முன்னால் நிற்கும்போது அதுவரை இல்லாத ஓர் ஊர் உண்டாகிறது. சேலை எடுக்கும் கதையே தனி. இருபது பேருக்கும் ஒரே நிறம், விலை கட்டுப்படியாக வேண்டும், கறுப்பானவளுக்கும் சிவப்பானவளுக்கும் பொருந்த வேண்டும், துவைத்தால் சாயம் போகக் கூடாது. சாயத்தின் தரம் பற்றித் திருப்பூர்ப் பெண்ணிடம் யாரும் ஏமாற்ற முடியாது. உலகத்துக்கெல்லாம் பனியன் தைக்கும் கைகள் தங்களுக்கு மட்டும் சூரத் பாலியஸ்டர் சேலையில் வந்து நிற்பது வேடிக்கைதான். ஆனால் அந்தச் சேலை கட்டிக்கொண்ட நாளில் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தொழில் நகரத்தின் மற்றச் சுவர்களில் எந்தப் படங்கள் தொங்குகின்றன என்று ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும். வியாபாரச் சங்க அலுவலகங்கள், ரோட்டரி, அரிமா சங்கக் கூடங்கள் எங்கும் நிர்வாகிகளின் வரிசைப் படங்கள், வெள்ளைச் சட்டைகள், நடுவில் தலைவர். திருப்பூரை ஆராய்ந்து 2004இல் புத்தகம் எழுதிய சரத் சாரி, அதற்கு வைத்த தலைப்பின் பொருளே 'சகோதர மூலதனம்'. உழைத்து மேலே வந்தோம் என்ற கொங்கு விவசாயிகளின் பெருமையும் உறவும்தான் அந்தத் தொழிலைக் கட்டியது என்கிறார். சகோதரர்களின் படங்களுக்குச் சுவர் கிடைத்தது, சகோதரிகளின் படத்துக்கு பீரோ.

இணைப்பது எதுவாக இருந்தாலும் அது ஒதுக்கவும் செய்யும். கொங்கு நாட்டில் இப்போது பெரிய அளவில் மறுபிறவி எடுத்திருக்கும் வள்ளி கும்மியில் இது பளிச்சென்று தெரிகிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியின் பத்ரப்பன் பல பத்தாண்டுகளாக இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்தவர். அதற்காக 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு பெருந்துறை அருகே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே நேரத்தில் கும்மி ஆடினார்கள். மேலே இருந்து எடுத்த படத்தில் மைதானமே ஒரே நிறமாக அலையடித்தது. பனியன் கம்பெனி வேலை முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கோயில் திடலில் கும்மி பழகும் பெண்களைத் திருப்பூர்க் கிராமங்களில் எங்கும் பார்க்கலாம். இதுவரை தங்களுக்கென்று ஒரு மணி நேரம் கூட ஒதுக்காதவர்கள் அவர்கள். மறுபக்கம், சில கும்மி மேடைகளில் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்ததும் நடந்தது, கடுமையான கண்டனமும் எழுந்தது. ஒரே சேலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது பத்து ஊர்க்காரிகளை ஒன்றாக்கிய சேலையா, ஒரு சாதியை மட்டும் வேலி கட்டிக் காட்டும் சேலையா என்று கேட்டுவிட்டுத்தான் அழகைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகைக் குழுப் படமும் நாள் தவறாமல் எடுக்கப்பட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். 2023 ஜனவரி முதல் வேலைத் தளங்களில் நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும் படத்தைச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. திருப்பூர் மாநகர எல்லை தாண்டிப் பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு வரிசையில் நின்ற பாட்டிகள் அந்தப் படத்துக்குத்தான் நின்றார்கள். இதில் நடு நாற்காலி இல்லை, பெயர் இல்லை, சிரிக்கத் தேவையில்லை. தலை எண்ணினால் போதும். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே இதில் நடந்த முறைகேடுகளைப் பட்டியலிட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுவது, படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவது, காலையில் இருந்தவர் மாலைப் படத்தில் இல்லாமல் போவது. குழுப் படத்தின் நூற்றாண்டு வரலாற்றில் இவ்வளவு ஏராளமாக எடுத்து, இவ்வளவு குறைவாகப் பார்த்த படங்கள் வேறு இருக்க முடியாது.

படம் எடுத்தால் மட்டும் போதாது, மிஞ்சவும் வேண்டும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் கண்ணாடித் தகடுகளும் பிலிம் சுருள்களும் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டன. கடை மூடும்போது குப்பைக்குப் போயின. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போனவையும் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஸோயே ஹெட்லியும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்ணிம வடிவில் காத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பே தன்னையும் குடும்பத்தையும் மக்கள் எப்படிக் காட்டிக்கொண்டார்கள் என்பது. குடும்பத்துக்கு வெளியே பெண்கள் தாங்களே சேர்ந்துகொண்ட கூட்டங்களின் படங்கள் பெருகியது 1990க்குப் பிறகு. அவை அந்தக் கால எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. அவற்றைத் தேடி இன்னும் யாராவது லைன் வீடுகளுக்கு வர வேண்டியிருக்கிறது.

வந்தாலும் கிடைப்பது சீரற்றிருக்கும். 2000 வாக்கில் பிலிமில் எடுத்துக் கழுவிய படம், ஓரம் மஞ்சளடித்தாலும், பீரோவில் பத்திரம். 2008இல் கடையில் இங்க்ஜெட்டில் போட்ட பிரதி பிளாஸ்டிக் கவரோடு ஒட்டி, உரித்தால் முகத்தோடு வருகிறது. அதற்குப் பிந்தியவை எல்லாம் செல்போனில். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் மூன்று வருடக் குழு வரலாறும் சேர்ந்து மூழ்கிவிடும். பெயர் எழுதும் வழக்கமும் அட்டையோடு போய்விட்டது. அடையாற்றுச் சீமாட்டிகளுக்குக் கீழே இருந்த அந்த 'இடமிருந்து வலமாக' வரி வீரபாண்டிப் படங்களில் இல்லை. பேனரில் குழுப் பெயர், வார்டு எண், வங்கிக் கிளை எல்லாம் தெளிவாக இருக்கும். பெண்களின் பெயர் விண்ணப்பத்தில் தனித் தாளில், கணவர் அல்லது தந்தை பெயரோடு.

பழைய படத்தைக் கூட்டத்தில் யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்குத் தீர்மானப் புத்தகம் திறக்க நேரமாகும். முதலில் தலை எண்ணுவார்கள். பிறகு விரல் ஒவ்வொரு முகமாக நகரும். இவ இப்ப தேனிக்கே திரும்பிப் போயிட்டா. இவங்க பேத்திக்குப் போன மாசம் சீர். இதென்ன, நீயா இது, அன்னிக்கு இவ்வளவு ஒல்லியா இருந்திருக்கே? நாற்காலிக்கு வர மாட்டேன் என்று ஓரமாக நின்ற பெரியம்மா பாதிதான் விழுந்திருப்பார், ஒரு தோளும் காதுத் தோடும். மூன்றாவது வரிசையில் இன்னொருத்தி, முன்னால் நிற்பவளின் தலை மறைத்ததில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும். அவள் யாரென்று ஒருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. ஒருத்தி படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "பேரு நெனப்பு வரலீங்க்கா. ஆனா நம்ம சேலைதான்."